விண்ணிலிருந்து மண் – 6: கூப்பர் கண்ட புகை

சென்ற வாரம் 1960 ஏப்ரலில் டைரோஸ் செயற்கைக்கோள் அனுப்பிய மங்கலான மேகப் படங்களோடு நிறுத்தியிருந்தோம். அது கேமராவின் கதை. இந்த வாரம் கண்ணின் கதை. கண்ணாடிச் சில்லும் ஃபிலிமும் இடையில் இல்லாமல், ஒரு மனிதன் மேலேயிருந்து குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? கேள்வி எளிமையானது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க, அமெரிக்காவில் ஒரு மாட்டுப் பண்ணையை உழவேண்டியிருந்தது, ஆஸ்திரேலியாவில் கிளிஞ்சல் அள்ளவேண்டியிருந்தது.

1963 மே 16. பசிபிக் கடலில், மிட்வே தீவுக்குப் பக்கத்தில், பாராசூட்டில் தொங்கியபடி ஒரு கலம் வந்து விழுந்தது. பெயர் ஃபெய்த் 7. உள்ளே இருந்தவர் கோர்டன் கூப்பர். அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்தின் ஏழு வீரர்களில் வயதில் இளையவர், ஒக்லஹோமாக்காரர், விமானப்படை ஆள். ஏவுதளத்தில் கவுன்ட்டவுன் ஓடிக்கொண்டிருந்தபோதே கண்ணயர்ந்துவிட்டவர் என்பதிலிருந்து ஆளின் சுபாவத்தைப் புரிந்துகொள்ளலாம். 34 மணி நேரத்தில் பூமியை 22 முறை சுற்றினார். கடைசிச் சுற்றுகளில் மின்சாரக் கோளாறு வந்து தானியங்கிக் கட்டுப்பாடு செத்துப்போக, கைக்கடிகாரத்தையும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அடிவானத்தையும் வைத்துக்கொண்டு தன் கையாலேயே கலத்தைத் திருப்பி இறக்கினார். காத்திருந்த கியர்சார்ஜ் கப்பலுக்கு மிக அருகில் வந்து விழுந்தார்.

இவ்வளவு சாமர்த்தியமாக இறங்கிய ஆள் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் யாராலும் ஏற்க முடியவில்லை.

திபெத் மேட்டு நிலத்தின் மேல் போகும்போது வீடுகளைப் பார்த்தேன் என்றார் கூப்பர். வீட்டுக் கூரையிலிருந்து புகை எழுவதைப் பார்த்தேன். அது சாயும் பக்கத்தை வைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடச் சொல்ல முடிந்தது என்றார். வட இந்தியாவில் ரயில் என்ஜின். முதலில் புகை தெரிந்தது, பிறகு வண்டி. பர்மா பக்கம் ஒரு பெரிய ஆற்றில் படகு கிழித்துப்போன நீர்த்தடம். இமயமலைப் பக்கமும் அமெரிக்கத் தென்மேற்கிலும் சாலையில் போன வண்டிகள். இந்த வண்டி விஷயத்தை அவர் விவரித்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் புழுதி பறப்பது தெரிந்தது, அப்புறம் சாலை, வெளிச்சம் வாகாக விழுந்தபோது சாலையில் ஏதோ ஒன்று, அநேகமாக வண்டி. இப்படிப் படிப்படியாகச் சொன்னார். கதை அளப்பவர்கள் ‘அநேகமாக’ என்று பேசுவதில்லை.

ஆனால் கணக்கு அவருக்கு எதிராக நின்றது.

ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் கிடைக்கும் கோணம்தான் சராசரி மனிதக் கண்ணால் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியக்கூடிய எல்லை. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை இந்தக் கணக்கில்தான் தயாராகிறது. தூரத்தில் சொன்னால், 3.4 கிலோமீட்டருக்கு அப்பால் 1 மீட்டர். கூப்பரின் பாதை பூமிக்கு மேலே 160 கிலோமீட்டர் முதல் 267 கிலோமீட்டர் வரை ஏறி இறங்கியது. 160-ல் வைத்துப் பார்த்தாலே எல்லை 47 மீட்டர். 267-ல் 78 மீட்டர். திபெத்தில் எந்தக் குடியானவன் வீடு 47 மீட்டர் இருக்கிறது?

எனவே, மனிதர் எதையோ கற்பனை செய்துகொண்டார் என்ற பேச்சு கிளம்பியது. எடையற்ற நிலை, தனிமை, இரண்டும் சேர்ந்து மனப்பிரமை உண்டாக்கியிருக்கும் என்றார்கள். இந்தச் சந்தேகம் திடீரென்று முளைத்ததும் அல்ல. எடை இல்லாமல் போனால் கண்விழியின் வடிவம் மாறிப் பார்வை கெடும் என்று மருத்துவர்கள் முன்பே பயந்திருந்தார்கள். 1962 பிப்ரவரியில் ஜான் க்ளென் பறந்தபோது அவருடைய கருவிப் பலகையில் குட்டியாக ஓர் எழுத்து அட்டையை ஒட்டி அனுப்பினார்கள். க்ளென் அதைப் பழுதில்லாமல் படித்தார். இரவில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மக்கள் அவருக்காக ஏற்றிவைத்த விளக்குகளையும் பார்த்தார். பார்வை கெடவில்லை, சரி. ஆனால் இப்போது கூப்பர் சொல்வதைப் பார்த்தால் பார்வை கூடியல்லவா இருக்கவேண்டும்!

இதை ஒரு சுவாரசியமான வம்பு என்று விட்டுவிட அமெரிக்க அரசு தயாராக இல்லை. காரணம் உளவு. 1960 ஆகஸ்ட்டிலேயே கொரோனா என்ற ரகசியச் செயற்கைக்கோள் சோவியத் நாட்டைப் படம் எடுத்து, ஃபிலிம் சுருளைக் கீழே வீச, அது பாராசூட்டில் இறங்கும்போது விமானம் ஒன்று வானத்திலேயே கொக்கி போட்டுப் பிடித்துவிட்டது. 1995 வரை இதை வெளியே சொல்லவில்லை. ஃபிலிம் கீழே வந்து, கழுவி, பார்ப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். மேலேயே ஒரு மனிதன் உட்கார்ந்திருந்து, மேகம் விலகும் நேரம் பார்த்து, தேவையானதை மட்டும் படம் எடுத்தால்? அமெரிக்க விமானப்படை அப்படி ஒரு விண்வெளிக் கூடத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பர் சொன்னது உண்மையானால் அந்தத் திட்டத்துக்கு யோகம். பொய்யானால் பல கோடி டாலர் தண்டம்.

இங்கேதான் சீபர்ட் டன்ட்லி வருகிறார். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில், பார்வைத்திறனை ஆராய்வதற்கென்றே இருந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அவருடைய வேலை ஒன்றே ஒன்று: எந்தப் பொருள், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எப்படிப்பட்ட காற்றின் ஊடாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது. விமானத்திலிருந்து கப்பல் தெரியுமா, கடலுக்குள்ளிருந்து விமானம் தெரியுமா என்று ராணுவம் கேட்கும்; அவர் எண்ணோடு பதில் சொல்வார். கூப்பரை நம்புவதா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணையே மேலே அனுப்பிப் பரீட்சை வைத்துவிடலாம் என்றார்.

அதற்குள் 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலம் பறந்து வந்தது. அதில் போன மெக்டிவிட்டும் எட் ஒயிட்டும் தாங்களும் சாலைகளையும் கப்பல்களின் நீர்த்தடங்களையும் கண்டதாகச் சொன்னார்கள். கூப்பர் தனி ஆள் இல்லை என்றாயிற்று. ஆனாலும் விண்வெளி வீரர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

டன்ட்லியின் கேள்வித்தாள் இரண்டு இடங்களில் தயாரானது. முதல் இடம் டெக்சஸில், மெக்சிகோ எல்லையோரம், லாரெடோ ஊருக்கு வடக்கே ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே நிலத்தை உழுது, பரம்படித்து, மண்வாரியால் சீவி, பக்கத்துக்கு 2,000 அடி உள்ள பெரிய சதுரங்களாக்கினார்கள். ஒரே நிறத்தில் மண் பரந்து கிடக்கவேண்டும், புல் முளைத்தால் பிடுங்கவேண்டும். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் வெள்ளைப் பலகைகளை அடுக்கி ஒரு நீண்ட செவ்வகம். சிலது வடக்கு தெற்காக, சிலது கிழக்கு மேற்காக, சிலது சாய்வாக. அளவும் ஒன்றுக்கொன்று வேறு.

இரண்டாம் இடம் மேற்கு ஆஸ்திரேலியாவில், கார்னார்வன் ஊருக்குத் தெற்கே வுட்லீ என்ற பண்ணை. அங்கே பலகைக்குப் பதிலாகக் கிளிஞ்சல். அந்தக் கடற்கரையில் வெள்ளைக் கிளிஞ்சல் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. அள்ளிக்கொண்டு வந்து செம்மண் மேல் செவ்வகமாகக் கொட்டிப் பரப்பினார்கள். விண்வெளி யுகத்தின் மிக நவீனமான பரிசோதனைக்கான மூலப்பொருள் கிளிஞ்சல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கலம் தலைக்கு மேலே கடந்து போனதும் கீழே இருந்தவர்களுக்கு வேலை ஆரம்பம். அடுத்த முறை வருவதற்குள் செவ்வகங்களின் திசையை மாற்றிவைக்கவேண்டும். மேலே இருப்பவர்கள் முந்தைய விடையை நினைவில் வைத்துச் சொல்லிவிடக் கூடாதே! ‘வெள்ளையாக ஏதோ தெரிந்தது’ என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. எத்தனையாவது கட்டத்தில், எந்தத் திசையில் கிடக்கிறது என்று சொல்லவேண்டும்.

கண் மாறுகிறதா என்பதையும் தனியே பார்க்க ஏற்பாடு இருந்தது. கலத்துக்குள் ஒரு சிறிய கைப்பெட்டி. அதில் பற்களால் கடித்துக்கொள்ள ஒரு கட்டை. தலை ஆடாமல் இருக்க அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கண்களாலும் உள்ளே பார்த்தால் சின்னச் சின்னச் செவ்வகங்கள் வரிசையாக வரும். நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று அட்டையில் குறிக்கவேண்டும். பறப்பதற்கு முன் தரையில் பல தடவை இதைச் செய்து பழகியிருந்ததால், மேலே போன பிறகு கிடைக்கும் விடைகளைத் தரையில் கிடைத்த விடைகளோடு ஒப்பிட்டுவிடலாம். ஜன்னலில் எவ்வளவு அழுக்கு படிந்திருக்கிறது என்று அளக்கவும் ஒரு கருவி. ராக்கெட் பிரியும்போது பறக்கும் கசடு ஜன்னல் கண்ணாடியில் படிவது ஜெமினி கலங்களுக்கு ஓயாத தொந்தரவாக இருந்தது.

1965 ஆகஸ்ட் 21-ல் ஜெமினி 5 புறப்பட்டது. உள்ளே யார்? அதே கோர்டன் கூப்பர். கூடவே பீட் கான்ராட். சந்தேகப்பட்டவர்கள் முன்னாலேயே சந்தேகிக்கப்பட்டவரை உட்காரவைத்துப் பரீட்சை வைத்தார்கள்.

பரீட்சை ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான் உண்மை. முதல் நாளே எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, பாதியில் திரும்பவேண்டியிருக்குமோ என்ற நிலை. அது சமாளித்து வந்ததும், கலத்தைத் திருப்பும் சிறு உந்துகள் மக்கர் செய்தன. கலம் தன் இஷ்டத்துக்கு மெல்ல உருண்டுகொண்டே போனது. ஜன்னல் பூமியைப் பார்க்கும்போது லாரெடோ கீழே இருக்காது. லாரெடோ வரும்போது ஜன்னல் வானத்தைப் பார்க்கும். மேகம் வேறு. அதற்கிடையிலும் சில தடவை வாய்ப்பு அமைந்தது. வேண்டென்பர்க் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஒரு மினிட்மேன் ஏவுகணையையும் அவர்கள் கண்டார்கள். அவர்கள் மேலே இருக்கும்போதே, ஆகஸ்ட் 25-ல், அதிபர் ஜான்சன் விமானப்படையின் விண்வெளிக் கூடத் திட்டத்தை அறிவித்தார். ‘இது அப்பட்டமான உளவு’ என்று சோவியத் பத்திரிகைகள் கொதித்தன. அந்தத் திட்டம் ஓர் ஆளைக்கூட மேலே அனுப்பாமலேயே 1969-ல் கைவிடப்பட்டது தனிக்கதை. ஆளில்லாத கேமராக்கள் அதற்குள் அவ்வளவு முன்னேறிவிட்டன.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜெமினி 7-ல் போர்மனும் லவெல்லும் 14 நாள் பறந்தபோது அதே பரீட்சை மறுபடி நடந்தது. இந்த முறை கலம் சொன்னபடி கேட்டது. லவெல் லாரெடோவின் செவ்வகங்களைக் கண்டு திசை சொன்னார். எல்லா விடைகளையும் சேர்த்து டன்ட்லியின் குழு சொன்ன முடிவு இதுதான். விண்வெளியில் மனிதக் கண்ணின் திறன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பறப்பதற்கு முன்பே அவர்கள் தரையில் போட்டு வைத்திருந்த கணக்கு எதைத் தெரியும் என்றதோ அதுவே தெரிந்தது.

அப்படியானால் கூப்பரின் வீடு?

கண் மருத்துவரின் அட்டை எழுத்தைப் பிரித்துப் படிக்கும் திறனை அளக்கிறது. ஒன்று இருக்கிறது என்று உணர்வது வேறு திறன். நட்சத்திரத்தின் கோண அளவு கண்ணின் எல்லையை விட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. ஆனாலும் தெரிகிறது, ஏனென்றால் பின்னணி கறுப்பு, அது வெளிச்சம். வயல்வெளியில் தூரத்தில் போகும் மின்கம்பியைப் பாருங்கள். விரல் தடிமன்கூட இல்லாத கம்பி அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் வானத்தின் மேல் கோடாகத் தெரியும், அது நீளமாக இருப்பதால். சாலை அப்படித்தான் தெரிகிறது. படகு தெரியாது, அது இழுத்துப்போகும் நீர்த்தடம் தெரியும். ரயில் என்ஜின் தெரியாது. அதன் புகை பல நூறு மீட்டருக்கு நீண்டிருக்கும், அது தெரியும். கூப்பர் தானே சொன்னாரே, முதலில் புகை, முதலில் புழுதி என்று.

காற்றின் பங்கை இன்னும் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. 200 கிலோமீட்டர் உயரம் என்றதும், 200 கிலோமீட்டர் காற்றின் ஊடாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். காற்று முழுவதும் அடியில்தான் கிடக்கிறது. மொத்தக் காற்று மண்டலத்தையும் தரைமட்ட அடர்த்திக்கு அமுக்கினால் 8 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். அதாவது விண்வெளியிலிருந்து நேர்கீழே பார்ப்பவருக்கு, நாம் தரையில் நின்று 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையைப் பார்ப்பதில் இருக்கும் மங்கல்தான் இருக்கும். 160-க்கும் 400-க்கும் அதில் வித்தியாசமே இல்லை. ஆகவே கீழே உள்ள இடம் எப்படிப்பட்டது என்பதே முக்கியம். திபெத்தின் சராசரி உயரம் 4,500 மீட்டர்; கிட்டத்தட்டப் பாதிக் காற்று அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. ஈரப்பதமும் இல்லை. கூப்பர் நுணுக்கமாக எதையாவது கண்டேன் என்று சொன்ன இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை: திபெத், இமயம், அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனம். ஈரக்காற்றும் புகைமூட்டமும் நிறைந்த நம் கடற்கரைப் பக்கம் தெருவைப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

என் தீர்ப்பு: வீடு என்று அவர் கண்டது ஒற்றை வீடாக இருந்திருக்க முடியாது. வீடும் தொழுவமும் மதிலும் நீண்ட நிழலும் சேர்ந்த ஒரு திட்டாக இருந்திருக்கும். புகை அதற்குப் பெயர் கொடுத்துவிட்டது. கண் கொடுத்தது பாதி, விமானியாகப் பல ஆண்டுகள் தரையைப் பார்த்துப் பழகிய அனுபவம் கொடுத்தது மீதி. அதைப் பிரமை என்று சொன்னவர்கள் செய்த தவறு, கூப்பர் கொஞ்சம் கூட்டிச் சொன்னதை விடப் பெரியது.

இனி எதிர்ப்புறம். ஒருவரும் பார்க்காமலேயே உலகம் முழுவதும் நம்பிய ஒரு காட்சி: சீனப் பெருஞ்சுவர்.

‘நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே மனிதப் படைப்பு’ என்று நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தச் செய்திக்கு வயது விண்வெளிப் பயணத்தை விட 200 ஆண்டு அதிகம். வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயத் தொல்பொருள் ஆர்வலர் 1754-ல் எழுதிய கடிதத்திலேயே, சீனச் சுவர் நிலவிலிருந்து தெரியக்கூடும் என்ற பேச்சு இருக்கிறது. பத்திரிகையாளர் ஹென்றி நார்மன் 1895-ல் அதையே திருப்பிச் சொன்னார். 1932-ல் ரிப்ளியின் ‘நம்பினால் நம்புங்கள்’ படத்துணுக்கு அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது மனிதன் அனுப்பிய எதுவும் விண்வெளியை எட்டிப்பார்த்திருக்கவே இல்லை. மறுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் எதையும் சொல்லலாம்.

மேலே பார்த்த கணக்கையே போடுவோம். நிலவு 3,84,000 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து கண்ணின் எல்லை 110 கிலோமீட்டர் சொச்சம். சுவரின் அகலம் அதிகம் போனால் ஒன்பது, பத்து மீட்டர். நிலவைக் கைவிட்டு, 400 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி வந்தாலும் எல்லை 116 மீட்டர். நீளமான பொருள் என்ற சலுகை சுவருக்கும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் சலுகை நிறம் வேறுபட்டால்தான் செல்லும். சுவரை அந்தந்த ஊர் மண்ணாலும் கல்லாலும் கட்டியிருக்கிறார்கள். பின்னணியோடு ஒன்றிக் கிடக்கிறது. பக்கத்தில் போடப்பட்ட நெடுஞ்சாலை சுவரை விடத் தெளிவாகத் தெரியும்.

இதில் யாரும் அதிகம் சொல்லாத இன்னொரு விஷயம். மெர்க்குரி, ஜெமினி கலங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 33 பாகைக்குள்ளேயே சுற்றின. பெய்ஜிங் இருப்பது 40 பாகையில். 1973-ல் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் போகும்வரை பூமியைச் சுற்றிய எந்த அமெரிக்கரும் சுவருக்கு நேர் மேலாகப் பறந்ததே இல்லை. தமிழ்நாடும் இலங்கையும் அவர்கள் பாதையின் கீழே வந்தன. சீனச் சுவர் வரவில்லை.

விஷயத்தை உடைத்தவர் ஒரு சீனர்தான். 2003 அக்டோபர் 15-ல் ஷென்சோ 5-ல் ஏறி, சீனாவின் முதல் விண்வெளி வீரராக 14 முறை பூமியைச் சுற்றிய யாங் லிவெயிடம், திரும்பி வந்ததும் தொலைக்காட்சியில் கேட்டார்கள்: சுவரைப் பார்த்தீர்களா? இல்லை என்றார். நாடே கொண்டாட்டத்தில் இருந்த நாள். ‘பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேள்வி கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பாடநூலைத் திருத்தவேண்டும் என்ற பேச்சு அதன் பிறகே அங்கே எழுந்தது. கூப்பர் கண்டதைச் சொல்லிக் கெட்ட பேர் வாங்கினார். யாங் காணாததைச் சொல்லத் துணிந்தார். இரண்டாவதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும் என்பேன்.

அடுத்த ஆண்டே இரண்டு சம்பவங்கள். 2004 மே மாதம் ஐரோப்பிய விண்வெளி முகமை, புரோபா செயற்கைக்கோள் 600 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் பெருஞ்சுவர் தெரிகிறது என்று வெளியிட்டது. சில நாளில் திருத்தம் வந்தது. பெய்ஜிங்கின் வடகிழக்கில் உள்ள மீயூன் நீர்த்தேக்கத்துக்குப் போகும் ஆறு அது! கேமராவும் நல்ல கேமரா, பார்த்தவர்களும் நிபுணர்கள். சுவரை எதிர்பார்த்துப் பார்த்தார்கள், ஆறு சுவரானது. நவம்பர் 24-ல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து லிராய் சியாவ் உள்மங்கோலியாவை 180 மில்லிமீட்டர் லென்ஸில் படம் எடுத்தார். அதில் சுவரின் ஒரு துண்டு விழுந்திருப்பதைச் சீன வல்லுநர்கள் உறுதிப்படுத்தினார்கள். படம் எடுத்த சியாவே, தான் பார்த்தது சுவர்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். பனி தூவியிருந்த வேறொரு சமயத்தில் எடுத்த படத்தில் சுவர் இன்னும் நன்றாக விழுந்தது. எல்லாம் நிற வேறுபாடு செய்யும் வேலை. கூப்பர் இதைக் கேள்விப்பட உயிரோடு இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 4-ல் காலமானார்.

கடைசியாக நம் பக்கத்துக்கு வருவோம். ஜெமினி 5-ல் கூப்பரோடு கிளிஞ்சல் தேடிய கான்ராட், 1966 செப்டம்பரில் டிக் கோர்டனுடன் ஜெமினி 11-ல் பறந்தார். அந்தக் கலம் 1,369 கிலோமீட்டர் வரை ஏறியது. பூமியைச் சுற்றும் பாதையில் அதை விட உயரமாக மனிதர்கள் போனது 2024-ல்தான். அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு வண்ணப்படம் பின்னால் உலகப் புகழ் பெற்றது. இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் வங்காள விரிகுடா, நடுவே தென்னிந்தியா முழுவதும், அதன் கீழே வலப்புறம் இலங்கை, தலைக்கு மேல் வளைந்த அடிவானம். குமரி முனை முதல் வடக்கே மங்கிப்போகும் வரை நிலம் ஒரே பார்வையில். வரைபடத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்தக் கூர்முனை, உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று உறுதி தந்த முதல் படங்களில் ஒன்று அது.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல்திட்டு வரிசையும் விண்வெளிப் படங்களில் நன்றாகத் தெரியும். சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்கிறோமே, அதுதான். லாரெடோவின் செவ்வகங்கள் தெரிந்த அதே காரணம்தான் இங்கும்: ஆழமான கடல் கருநீலம், ஆழமில்லாத மணல்மேட்டின் மேல் நிற்கும் தண்ணீர் வெளிர்பச்சை. 2002-ல் நாசா படத்தை வைத்துக்கொண்டு இது மனிதர் கட்டிய பாலம் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியபோது, படம் எங்களுடையதாக இருக்கலாம், விளக்கம் எங்களுடையது அல்ல என்று நாசா தரப்பில் சொல்லிவிட்டார்கள். மேலேயிருந்து எடுத்த படம் திட்டு இருக்கிறது என்று சொல்லும். வயது என்ன, யார் செய்தது என்பதை அந்தப் படம் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம்பிக்கை வேறு, ஆதாரம் வேறு. நம்பிக்கைக்கு நாசாவின் முத்திரை தேவையும் இல்லை.

அடுத்த வாரம் அப்பல்லோ. அதற்குள் வாசகர்கள் ஒரு காரியம் செய்துவையுங்கள். 1972 டிசம்பர் 7-ல் அப்பல்லோ 17 வீரர்கள் எடுத்த, ஆப்பிரிக்காவும் அன்டார்க்டிகாவும் தெரியும் அந்த முழு நீல பூமிப் படம் எங்கும் கிடைக்கும். வடக்கு மேலே இருக்கும்படி வைத்து வலது மேல் ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே தெரியும் வெண்சுழல், இரண்டு நாள் முன்பு கடலூரைத் தாக்கிய புயல்.

(தொடரும்)